முதல் கோடு மட்டும் விழாத பேனா

வெள்ளிக்கிழமை ராத்திரி இவர் நான்கு நாள் பயணமாகக் கிளம்பினார். வாசல் கதவைச் சாத்திய கையோடு மேசை விளக்கைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எடுத்தது இவருடைய மை ஊற்றி எழுதும் பேனாவைத்தான். எழுத ஆரம்பித்துவிட்டால் அருமையாக ஓடும், மூடியைத் திறந்ததும் வர வேண்டிய முதல் கோடு மட்டும் விழாது. தாளின் மூலையில் இரண்டு சுழி சுழித்துவிட்டுத்தான் இவர் கையெழுத்தே போடுவார். இவருடைய குறிப்பேட்டைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சுழிகள்தான். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது.

கழுவுவது, நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் கட்டையைப் பிரித்துச் சுத்தம் செய்வது, நிப்பின் நடுப்பிளவில் பித்தளைத் தகடு விட்டு இழுப்பது எல்லாம் போன மாதமே ஆயிற்று. மையையும் மாற்றிப் பார்த்தேன். 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் என்ற கண்ணாடியில் நிப்பின் இரண்டு பாதியும் ஒரே மட்டத்தில்தான் தெரிந்தன. மிச்சம் இருந்தது ‘பேபி பாட்டம்’ என்று சொல்லும் குறை ஒன்றுதான். பிளவின் வாயில் இரண்டு உள்விளிம்பும் மழுங்கி உருண்டு போனதால், மை அங்கேயே நின்றுவிடுகிறது, தாளை எட்டுவதில்லை. சொரசொரப்பான தாளில் நார்கள் மேலே எழும்பி மையைத் தொட்டுவிடுவதால் குறை வெளியே தெரியாது. வழவழப்பான தாளில் உடனே தெரிந்துவிடும். இவர் எழுதுவதோ வழவழப்பான தாளில்.

இத்தனை நாள் நான் மெருகேற்றும் 12000 எண் மைக்ரோமெஷ் தாளில் நிப்பால் எட்டு வடிவம் போட்டுக்கொண்டே இருந்தேன். நிப் வழுக்கிக்கொண்டு போக ஆரம்பித்தது, முதல் கோடு இன்னும் மோசமானது. காரணம் சனிக்கிழமை காலையில்தான் பிடிபட்டது. மெஷ் மெத்தென்று இருக்கும். நிப் அதில் லேசாக அமுங்கும்போது மெஷ் பிளவின் வாய்க்குள்ளும் ஏறி, அந்த உள்விளிம்புகளையே தேய்க்கிறது. மெருகு ஏற ஏற விளிம்பு மழுங்கிக்கொண்டே போயிருக்கிறது.

அதனால் மெஷை எடுத்து வைத்துவிட்டு, கண்ணாடித் துண்டின் மேல் 3 மைக்ரான் லாப்பிங் ஃபிலிமை, அதாவது மிக நுண்ணிய துகள் பூசிய தேய்ப்புத் தாளை, ஒட்டினேன். அடியில் கண்ணாடி இருப்பதால் அமுங்காது, உருண்ட இடத்தைத் தட்டையாக எடுக்கும். மை நிரப்பியபடியே, எழுதும் சாய்வில் பிடித்து, பேனாவின் கனத்தைத் தவிர வேறு அழுத்தம் கொடுக்காமல் ஐந்து கோடு. துடைத்து, லூப்பில் பார்த்து, தாளில் ஒரே ஒரு கோடு. மறுபடி ஐந்து. எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் இதில் அவசரமே கூடாது.

மின்விசிறியையும் நிறுத்திவிட்டேன். வீடு அவ்வளவு நிசப்தமாக இருந்ததால்தான் ஒன்று காதில் விழுந்தது. ஆரம்பத்தில் ஃபிலிமின் மேல் நிப் போவது கேட்கவே இல்லை. நான்காவது சுற்றில் மெல்லிய ‘ஸ்ஸ்’ ஒன்று வந்தது, கோடு முழுக்க ஒரே சீராக. லூப்பில் பார்த்தால் முனையில் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு தட்டையான பளபளப்பு, அதன் நடுவில் பிளவு கூராகத் தெரிந்தது. இனிமேல் கண்ணை நம்புவதற்கு முன் காதைத்தான் நம்புவேன்.

ஃபிலிம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பின்பக்கம் எண் அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள். எனக்கு முதலில் அனுப்பிய ஒரு விற்பனையாளர் மூன்று ரகத்தையும் எண்ணே இல்லாமல் ஒரே உறையில் போட்டிருந்தார். எது 1, எது 3 என்று விரலால் தடவிக் கண்டுபிடிப்பதிலேயே ஒரு மாலை போனது. வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் எண்ணை எழுதி வைப்பதும் நல்லது.

எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்த கட்டை ஒன்று தனியாக இருக்கிறது. அதை வெந்நீரில் முக்கி, நிப்போடு ஒட்டி உட்காரும்படி அழுத்திப் பார்க்க வேண்டும். பழைய நிப் ஒன்றைப் பட்டை முனையாகத் தேய்க்கும் ஆசையும் இருக்கிறது. சரி, அதெல்லாம் அப்புறம்.

1 மைக்ரானில் மூன்று கோடு, 0.3-இல் இரண்டு, அதோடு நிறுத்தினேன். மூடிபோட்டு ராத்திரி முழுக்க வைத்துவிட்டு, ஞாயிறு காலையில் அதே வழவழப்பான தாளில் ‘அ’ எழுதினேன். தொட்ட இடத்திலேயே மை பிடித்தது. பத்து தடவை மூடித் திறந்தேன், பத்து தடவையும் விழுந்தது. இடமிருந்து வலமாக இழுக்கும் கோடு மட்டும் இன்னும் ஒரு துளி உரசுகிறது. இவர் வர இன்னும் ஒரு ராத்திரி இருக்கிறது.