டூ டூ சைஸில் துப்பாக்கி கிடைக்குமா

வானத்தில் வீசுகிற தட்டுகளைச் சுடும் விளையாட்டுக்கென்று வாங்கிய என் ஷாட்கன் துப்பாக்கி ஒருவழியாக ஆசாரியிடமிருந்து சனிக்கிழமை வீடு திரும்பியது. ஆசாரி என்பது நான் வைத்த பெயர். அவர் துப்பாக்கிக் கட்டை (தோளில் முட்டுக்கொடுக்கும் மரப்பகுதி) வேலை மட்டுமே செய்கிற வெள்ளைக்காரப் பெரியவர். பட்டறை முழுக்க வால்நட் மரத்தூளும் ஆளிவிதை எண்ணெய் வாசமும்தான். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் முதலில் கேட்டார்: "பிடியில் இந்தச் செதுக்கலுக்குள்ளே மஞ்சளாக என்னமோ அடைத்திருக்கிறதே, என்ன அது?"

சந்தனம். ஆயுத பூஜைக்கு மாமியார் போனிலேயே உத்தரவு போட்டார். இத்தனை வருஷமாக இவருடைய லேப்டாப்புக்கும் காய்கறி நறுக்கும் கத்திக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்த வீட்டில், முதல்முறையாக நிஜமான ஆயுதம் ஒன்று வந்திருக்கிறது, சும்மா விடலாமா என்றார். குங்குமம் துடைத்தால் போய்விட்டது. சந்தனம் போகவில்லை. பெரியவருக்கு எப்படி விளக்குவது? "பிளெஸ்ஸிங்" என்றேன். "அதிர்ஷ்டம் வந்ததா?" என்றார். வந்திருந்தால் நான் ஏன் இங்கே வரப்போகிறேன்?

சரி, கதைக்கு வருகிறேன்.

லைசென்ஸ் என் பேரில். போட்டோவில் இருப்பது என் மூஞ்சி. விசாரணைக்கு லண்டன் ஹாரோவில் எங்கள் வீட்டுக்கு வந்த அதிகாரி, இரும்பு அலமாரி சுவரோடு சேர்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். சாவி இருக்குமிடம் லைசென்ஸ் இல்லாத யாருக்கும் தெரியக்கூடாது என்று இவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார். கல்யாணமான நாளிலிருந்து இவருக்குத் தெரியாமல் நான் வைத்திருக்கும் முதல் பொருள் அந்தச் சாவிதான். (அரிசி டப்பாப் பணம் கணக்கில் சேராது.)

இருந்தும், துப்பாக்கி வாங்கப் போனால் கடைக்காரர் யாரிடம் பேசுவார்? இவரிடம்தான். "சாருக்கு என்ன மாதிரி வேணும்?" இவர் என்னைக் கைகாட்டினார். "ஓ, மேடத்துக்கா!" என்று சந்தோஷப்பட்டுவிட்டு, மேடத்துக்கு என்ன மாதிரி வேண்டும் என்று மறுபடியும் இவரிடமே கேட்டார்.

அப்புறம் பிரசித்தி பெற்ற அந்த முழங்கைப் பரீட்சை. கட்டையின் பின்முனையை முழங்கை மடிப்பில் வைத்து, ஆள்காட்டி விரல் ட்ரிகரை எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். எட்டினால் துப்பாக்கி உங்களுடையது. கழுத்து நீளமா, தோள் எப்படி, கன்னம் எங்கே வந்து உட்கார்கிறது, கை எவ்வளவு பெரியது, ஒன்றும் தெரிய வேண்டாம். இந்த மாதிரி ஷாட்கன்னில் குறிபார்க்கப் பின்பக்கம் பள்ளம் எதுவும் கிடையாது. சுடுகிறவர் கண்தான் அந்த வேலையைச் செய்யும். கன்னம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்கார்ந்தால்தான் 110 மில்லிமீட்டர் அகலத்தில் பறந்து போகும் அந்த ஆரஞ்சுத் தட்டைச் சுட முடியும். இவ்வளவையும் ஒரு முழங்கை சொல்லிவிடுமாம்.

பெரியவர்களுக்கென்று வருகிற கட்டை, ட்ரிகரிலிருந்து பின்முனை வரை பதினாலரை அங்குலம் சுமார். நான் செருப்போடு சேர்த்து ஐந்தடி. என் விரல் எட்டவில்லை. உடனே கடைக்காரர் பிள்ளைகள் துப்பாக்கி ஒன்றை எடுத்துவந்தார். எங்கள் சின்னவன் "அம்மா, இது எனக்கு!" என்றான். அதைத் திருப்பிக் கொடுத்தேன். பெண்களுக்கென்றே இத்தாலிக்காரர்கள் சைரன், பெரெட்டா விட்டோரியா என்றெல்லாம் செய்கிறார்கள். நீளம் குறைவு, கன்னம் வைக்கும் மேடு உயரம். நல்ல துப்பாக்கிகள்தான். விலையைக் கேட்டதும் என் கை இன்னும் கொஞ்சம் சின்னதாகிவிட்டது.

கடைசியில் கடைக்காரரும் இவரும் கலந்துபேசி ஒரு தீர்ப்புக்கு வந்தார்கள். ட்வெல்வ் போர் என்கிற குழல் அளவில் பழைய துப்பாக்கி ஒன்றை வாங்குவது, பின்னால் ஒரு அங்குலத்தை அறுத்துவிடுவது. வெட்டியெடுத்த வால்நட் துண்டை ஒரு கவரில் போட்டு, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், விற்கும்போது ஒட்டிக் கொடுக்கலாம் என்றார் கடைக்காரர். வாங்கின அன்றைக்கே விற்கிற பேச்சு. இவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

கை நீளப் பிரச்சினை தீர்ந்தது. கைப் பிரச்சினை அப்படியே இருந்தது. எனக்கு ஆச்சரியமே இங்கேதான். சின்ன ஆள் என்றதும் எல்லோரும் நீளத்தைக் குறைக்கிறார்கள். பிடியை யாரும் தொடுவதில்லை. கட்டை குட்டையானாலும் பிடி அதே ஆறடி ஆளுடைய பிடிதான். போதாததற்கு அவருடைய உள்ளங்கைக் குழியில் உட்கார ஒரு புடைப்பு வேறு. என் கையில் அந்தப் புடைப்பு விரல்களுக்கடியில் வந்து நின்றது. ட்ரிகரை எட்ட வேண்டுமென்றால் கையைச் சுற்றிப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். விரல் நுனி ட்ரிகரைப் பின்னால் இழுக்காமல் பக்கத்தில் இழுக்கும். துப்பாக்கி ஒரு பக்கம் போகும், தட்டு ஒரு பக்கம் போகும்.

சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது கை முன்னால் வழுக்கி, ட்ரிகரைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்தில் நடுவிரல் இடிக்கும். திங்கட்கிழமை மீட்டிங்கில், "வீக்கெண்ட் எப்படிப் போச்சு?" என்று மேனேஜர் கேட்டார். வீங்கியிருந்த விரலை கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். மீட்டிங்கே கப்சிப். அதற்கப்புறம் என்னிடம் யாரும் வீக்கெண்டைப் பற்றிக் கேட்பதில்லை. அந்த வகையில் லாபம்தான்.

அடுத்தது மூக்கு. அறுத்ததில் கட்டை தேவைக்கு மேல் குட்டையாகிவிட்டது. துப்பாக்கியைத் தோளில் வைத்தால் கட்டைவிரல் முட்டிக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. யாருடைய விரல் என்று விதியில் இல்லை. மதுரைப் பக்கம் வலது மூக்கில்தான் குத்துவார்கள், நானும் வலதுகைக்காரி. ஒவ்வொரு வெடிக்கும் கட்டைவிரல் வந்து மூக்குத்தியை விசாரித்துவிட்டுப் போகும். வீடியோ காலில் சிவந்த மூக்கைப் பார்த்த அம்மா, "அவர் ஏதாச்சும் சொன்னாராடி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். பின்னால் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்த இவருக்குப் புரையேறிவிட்டது.

அப்படித்தான் ஆசாரிப் பெரியவரிடம் போனது. முழங்கைப் பரீட்சை என்றதும் சிரித்தார். என் கையை வாங்கி விரித்தார், கட்டைவிரல் அடியை அழுத்தினார், திருப்பிப் பார்த்தார். விளக்குத்தூண் பக்கம் வளையல் கடையில் அம்மா என் கையை நீட்டச் சொன்னதும், கடைக்காரர் இப்படித்தான் ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு டூ டூ பெட்டியை எடுப்பார். டூ ஃபோர் போட்டால் எனக்குக் கையைத் தொங்கவிட்டதுமே கழன்று விழும். இங்கே மட்டும் என் கையை யாரும் பார்க்கவே இல்லையே என்று அப்போதுதான் தோன்றியது.

பெரியவர் பிடியின் இரண்டு பக்கமும் இழைத்தார். புடைப்பு போயே போய்விட்டது. ட்ரிகருக்குப் பின்னால் வளைவை ஆழமாக்கி, கை முன்னால் வந்து உட்கார இடம் கொடுத்தார். இழைத்ததில் பழைய செதுக்கல் போய்விட்டதால் கட்டம் கட்டமாகப் புதிதாகச் செதுக்கினார். அதோடு சந்தனமும் போனது. கட்டையைச் சூடாக்கி வலப்பக்கம் ஒரு இம்மி வளைத்தார். உதை குறைய, தோட்டாவுக்குள் இருக்கும் குண்டுகளின் எடையை 28 கிராமிலிருந்து 24க்கு இறக்கச் சொன்னார். அப்புறம் அறுத்த ஒரு அங்குலத்தில் பாதிக்கு ரப்பர் வைத்துத் திருப்பி நீட்டினார். ஆக, வெட்டினதுக்கு ஒரு பில், ஒட்டினதுக்கு ஒரு பில். கவரில் இருக்கும் வால்நட் துண்டு என்ன பாவம் செய்தது என்று இவர் கேட்டார். பெரியவர் பதில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் தட்டுகள் பாதிக்கு மேல் உடைந்தன. விரலும் மூக்கும் பிழைத்தன. இவருக்குக் கை அரித்தது. லைசென்ஸ் இல்லாதவர்களும் சுட அந்த மைதானத்துக்குத் தனி அனுமதி உண்டு என்பதால், வாங்கித் தோளில் வைத்தார். பிடி அவர் கைக்குள்ளே காணாமல் போனது. விரல் ட்ரிகரைத் தாண்டி இரண்டாவது கணு வரை போனது. சுட்டார். கட்டைவிரல் நேராக மூக்கில்.

என் சார்ஜர், என் கத்தரிக்கோல், என் ஷாம்பூ, என் தலையணை, எல்லாமே எங்கள் வீட்டில் பொதுச்சொத்து. எதையும் கேட்டு எடுக்கிற வழக்கம் கிடையாது. மூக்கைத் தேய்த்துக்கொண்டே துப்பாக்கியை என்னிடம் நீட்டி, "இது உனக்கு மட்டும்தான் சரியா இருக்கும்போல" என்றார்.

"ஆமா" என்றேன். அதைச் சொல்வதில் அவ்வளவு ருசி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

திரும்பி வரும்போது காரில் ரொம்ப நேரம் பேசவில்லை. வெம்ப்ளி தாண்டினதும், தானும் ஒரு லைசென்ஸுக்கு எழுதிப் போடலாமா என்று கேட்டார். சுடுகிற ஆசை என்றார். எனக்கென்னவோ சாவி மேலேதான் சந்தேகம்.