உதிக்காத நிலவு

நேற்று பௌர்ணமி. காசிமேட்டில் கடலிலிருந்து நிலவு எழுவதைப் பார்த்த மகள், "எல்லா இடத்திலும் இப்படித்தான் வருமா அப்பா?" என்றாள். "புளூட்டோவில் வராது கண்ணம்மா" என்றேன்.

புளூட்டோவின் குறுக்களவு 2,377 கி.மீ.; அதன் பெரிய நிலவான சாரன் 1,212 கி.மீ., பாதிக்கும் சற்று அதிகம்! இடைவெளி ஏறத்தாழ 19,600 கி.மீ.தான். சாரன் ஒருமுறை சுற்றிவரும் 6.4 நாளில்தான் புளூட்டோவும் தன்னைத்தானே ஒருமுறை சுற்றுகிறது. அதனால் சாரன் அங்கே வானில் ஆணியடித்தாற்போல் நிற்கும், நம் நிலவைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு அகலமாக. தேயும், வளரும், உதிக்காது, மறையாது. புளூட்டோவின் மறுபக்கத்தில் நின்றால் கண்ணிலேயே படாது.

1978இல் வானியலாளர் ஜேம்ஸ் கிறிஸ்டி, புகைப்படத் தகட்டில் புளூட்டோவின் ஓரத்தில் ஒரு புடைப்பைக் கண்டார். தகட்டின் பழுது என்று தள்ளாமல் பழைய தகடுகளையும் எடுத்துப் பார்த்தார். அந்தப் பொறுமையை வணங்குகிறேன். புடைப்பு இடம் மாறிக்கொண்டே இருந்தது, அதுதான் சாரன்.

"நிலா நகராவிட்டால் தாத்தா ஓதத்தை எப்படிக் கணிப்பார்?" என்றாள். அவள் தாத்தா 40 ஆண்டுகள் கடலுக்குப் போனவர். நல்ல கேள்வி. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடியே சுற்றுவதால், அங்கே கடல் இருந்தாலும் சாரனால் ஓதம் ஏறி இறங்காது என்றேன். வீடு வரும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.