பாலட் தாள் அரியர்: ராஜா நகர்வலம் வரவில்லை

ரிசல்ட் வந்துவிட்டது. முதல் தடவை 38, இந்தத் தடவை 61. எம்.ஏ. ஆங்கிலத்தில் எல்லாரும் லேசாக எடுத்துக்கொள்ளும் பாலட் (கதைப்பாடல்) தாளில்தான் எனக்கு அரியர். சொன்னால் சிரிக்கிறார்கள்.

விழுந்த இடம் ராஜாவும் சாமானியரும் சந்திக்கும் பாடல்கள் பற்றிய கட்டுரைக் கேள்வி. "மக்கள் குறை அறிய மன்னர் மாறுவேடத்தில் வந்தார்" என்று ஆரம்பித்து நாலு பக்கம் எழுதினேன். சின்ன வயதில் கேட்ட நகர்வலக் கதைகள் செய்த வேலை. கைடிலும் அப்படித்தான் இருந்தது.

அந்தப் பாடல்களில் யாரும் குறை கேட்க வருவதில்லை. நான்காம் எட்வர்ட் டிரேட்டன் பாசெட் பக்கம் வேட்டைக்கு வருகிறார். எதிரே டாம்வொர்த்தின் தோல் பதனிடுகிறவர் வருகிறார். பிரபுக்களை மரத்தடியில் நிறுத்திவிட்டு ராஜா தனியாகப் போய் வழி கேட்பது வெறும் வம்புக்கு. அவரோ தூக்குமரம் இருக்கும் பக்கம் கையைக் காட்டுகிறார்! இரண்டாம் ஹென்றி காட்டில் வழி தவறி மேன்ஸ்ஃபீல்ட் மில்லர் (மாவு அரைப்பவர்) வீட்டுக்குப் போனவர். மில்லர் முதலில் அவரைத் திருடன் என்றே நினைக்கிறார்.

நிஜமான மாறுவேடம் 'கெஸ்ட்' (Gest) என்ற ராபின் ஹுட் பாடலில் உண்டு. அதில் எட்வர்ட் என்ற ராஜா மடாதிபதி உடையில் வருவது மான்கள் குறைந்துபோன கோபத்தில், ராபின் ஹுட்டைப் பிடிக்க. ஜான் மன்னர் கதையில் (சைல்ட் என்பவரின் பாலட் தொகுப்பில் எண் 45) வேடம் போடுவது ராஜாவே இல்லை, ராஜாவின் புதிர்களுக்கு மடாதிபதிக்குப் பதிலாக விடை சொல்ல வரும் ஆடு மேய்ப்பவர். இதையும் நான் தலைகீழாகத்தான் எழுதியிருந்தேன்.

அதனால் பாட்டு ஒவ்வொன்றுக்கும் முதலில் "யார், எதற்காக மறைகிறார்" என்று ஒரு வரி எழுதுங்கள். அப்புறம்தான் மற்றது. கதைகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் குழம்பும். நான் பொருளை வைத்துப் பிடித்தேன் (எண்கள் சைல்ட் தொகுப்பில் உள்ளவை):

- 273 (டாம்வொர்த் தோல்காரர்): மாட்டுத்தோல். குதிரையை மாற்றிக்கொண்டதும் தோல்காரர் அதை ராஜாவின் குதிரைமேல் போடுகிறார். அது மிரண்டு அவரைத் தள்ளிவிடுகிறது.
- மில்லர்: மான்கறி அடைத்துச் சுட்ட பை (pie). திருட்டு மான். "ராஜாவுக்குத் தெரியக் கூடாது" என்று ராஜாவிடமே சொல்கிறார். இவருக்குத் தனி எண் கிடையாது, 273-இன் பின்னிணைப்பில் தேடுங்கள்.
- 45 (ஜான் மன்னர்): 29 பென்னி. ராஜாவின் விலை என்ன என்ற புதிருக்கு விடை. இயேசு 30-க்கு விற்கப்பட்டவர், அதில் ஒன்று குறைவு.
- 117 ('கெஸ்ட்'): கன்னத்தில் அறை. அம்பு குறி தவறிய ராபினுக்கு ராஜா விடும் அடி. அதற்கப்புறம்தான் முகத்தை உற்றுப் பார்த்து அடையாளம் தெரிகிறது.

பெர்சியின் பாலட் தொகுப்பு வந்தது 1765, சைல்ட் தொகுப்பில் 305 பாடல்கள். பின்னணிக்கு இது போதும்.

குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவராது, அதைப் பற்றிக் கேட்காதீர்கள். நான் ராத்திரியில் வாய்விட்டுப் படிக்கிற ரகம். 273-இன் முடிவை அப்படிப் படித்தபோதுதான் விளங்கியது. பதவியின் அடையாளமாகக் கழுத்துப் பட்டையைக் கொண்டுவரச் சொல்கிறார் ராஜா. பட்டைக்கு அடுத்து கயிறுதான், நாளைக்குத் தூக்கு என்று நடுங்குகிறார் தோல்காரர். கிடைத்ததோ பிளம்ப்டன் பார்க். இந்தப் பயத்தைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதினேன்.

பழைய கைடை ஜூனியருக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன். ஜான் மன்னர் பக்கத்தைப் பேனாவால் அடித்துத்தான் கொடுத்தேன்.