87 ஓட்டில் தொகுதி மாறும்போது: சிறிய கட்சி வேட்பாளருக்கு மனுத் தாக்கல் செய்த அனுபவம்

வேட்புமனுவின் கடைசி நாள், மதியம் 1.15. சரிபார்க்கும் மேசையில் இருந்தவர் எங்கள் பி படிவத்தை, அதாவது இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி எழுதித் தரும் படிவத்தை, திருப்பிக் கொடுத்தார். பொதுச்செயலாளரின் கையெழுத்து மையால் போட்டதல்ல, ரப்பர் ஸ்டாம்ப். இரண்டு நாள் முன்பு இதே அலுவலகத்தில் கேட்டபோது “இது போதும்” என்று சொன்னவரும் அங்கேதான் இருந்தார். இப்போது அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பி படிவமும், அதில் கையெழுத்திட யாருக்கு அதிகாரம் என்று கட்சி சொல்லும் ஏ படிவமும் மைக் கையெழுத்துடன், அசலாக, 3 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர வேண்டும். ஸ்கேன், ஜெராக்ஸ், ஸ்டாம்ப் எதுவும் செல்லாது.

இந்தப் படிவம் போனால் மனு தள்ளுபடி ஆகாது. பத்து முன்மொழிபவர் இருப்பதால் வேட்பாளர் சுயேச்சையாக நிற்பார். அதனால் என்ன என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களைப் போன்ற அங்கீகாரம் இல்லாத பதிவுபெற்ற கட்சிக்குப் பொதுச் சின்னம் (நிற்கும் எல்லாத் தொகுதியிலும் ஒரே சின்னம்) வேண்டுமென்றால் மாநிலத்தில் குறைந்தது 5 விழுக்காடு தொகுதிகளில் நிற்க வேண்டும். 234-க்குக் கணக்குப் போட்டால் 12. அப்படி வாங்கிய சின்னத்தைத்தான் தெருத்தெருவாகச் சுவரில் வரைந்திருப்போம். பி படிவம் போனால் அந்தத் தொகுதியில் அந்தச் சின்னம் நம்முடையது இல்லை, வேறு சுயேச்சைகூட அதைக் கேட்கலாம். வாக்குச்சீட்டில் இடமும் இறங்கும். முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், அடுத்து பதிவுபெற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை, அதுவும் இன்ஷியலை விட்டுவிட்டு. ஒரு இயந்திரத்தில் 16 பொத்தான், அதில் ஒன்று நோட்டா. வேட்பாளர் 15-ஐத் தாண்டினால் இரண்டாவது இயந்திரம் வரும். அதில் பெயர் இருப்பவரை வயதான வாக்காளர் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பூத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

சில நூறு ஓட்டுதானே என்று விட முடியாது. 2016-ல் காட்டுமன்னார்கோயிலில் தொல். திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில். அதே பெயரில் நின்ற சுயேச்சை வாங்கியது 289. வாக்குச்சீட்டில் வேட்பாளர் படம் அச்சிடும் முறை அதற்கு முன்பே வந்துவிட்டது, இருந்தும் இப்படி. 2021-ல் தியாகராய நகரில் வித்தியாசம் 137, மொடக்குறிச்சியில் 281. இப்படிப்பட்ட தொகுதியில் மூன்றாவது, நான்காவது இடத்தில் இருப்பவரின் மனு ஏற்கப்படுவதும் தள்ளுபடி ஆவதும் முதல் இரண்டு பேரின் தலைவிதி. அவர்களும் அது தெரிந்துதான் நம் மனுவை நம்மைவிடக் கவனமாகப் படிக்கிறார்கள்.

மாவட்டச் செயலாளர் வேறொரு தொகுதிக்காக வைத்திருந்த, கையெழுத்து மட்டும் போட்ட அசல் பி படிவம் ஒன்று மிச்சம் இருந்தது. பைக்கில் எடுத்து வந்து, பெயரும் தொகுதியும் நிரப்பிக் கொடுத்தபோது 2.40. ஒப்புகைச் சீட்டு கையில் வந்த பிறகுதான் தண்ணீர் குடித்தோம். தலைமையிடம் இரண்டு மூன்று படிவம் கூடுதலாகக் கையெழுத்து வாங்கி மாவட்டத்தில் வைத்திருங்கள்.

அடுத்த இடி பரிசீலனை நாளில். பெரிய கட்சிகளுக்கு ஒரு முன்மொழிபவர் போதும், நமக்கும் சுயேச்சைகளுக்கும் பத்து. பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும். பட்டியல் திருத்தத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் இருவரின் தெரு பக்கத்துத் தொகுதியில் இருந்தது. பழைய பட்டியலைப் பார்த்துப் பாகம் எண் எழுதியது எங்கள் தவறு. எட்டுப் பேரோடு அந்த மனு நிற்காது. 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானதும் இதே எண்ணிக்கையில்தான்: முன்மொழிந்தவர்களில் இருவர், கையெழுத்து தங்களுடையது இல்லை என்றார்கள்.

எங்களைக் காப்பாற்றியது இரண்டாவது செட். ஒரு வேட்பாளர் நான்கு மனு வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒரு முறை கட்டினால் போதும் (10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000). இரண்டாவது செட்டில் வேறு பத்துப் பேர் வையுங்கள், அதே ஆட்களை வைத்தால் பயனில்லை. ஒவ்வொருவரின் பாகம் எண், வரிசை எண்ணையும் கடைசியாக வெளியான பட்டியலில் பார்த்து எழுதுங்கள். கைநாட்டு வைப்பவரைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள், அவரை அதிகாரி முன் நேரில் நிறுத்த வேண்டியிருக்கும்.

சொத்து, கடன், வழக்கு விவரங்களைச் சொல்லும் 26-ம் எண் பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. கோடு போடாதீர்கள், “இல்லை” அல்லது “பொருந்தாது” என்று எழுதுங்கள். தேர்தல் செலவுக்கான தனி வங்கிக் கணக்கை மனுவுக்கு முந்தைய நாளாவது தொடங்கிவிடுங்கள். கடைசி நாளில் மனுக் கொடுத்தால் உறுதிமொழியையும் அன்றே எடுத்தாக வேண்டும், பரிசீலனை நாளில் எடுத்தால் செல்லாது. இவை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

வாபஸ் நாள் வரை இரு பக்கத்திலிருந்தும் ஆள் வந்தது. ஒருவருக்கு நாங்கள் நிற்க வேண்டும், இன்னொருவருக்கு விலக வேண்டும். வேட்பாளர் எழுதிக் கொடுத்தால் முன்மொழிபவரோ தேர்தல் முகவரோகூட வாபஸ் படிவத்தைக் கொடுக்கலாம். கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே வேட்பாளர் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு யாரிடமும் தரக் கூடாது. எங்கள் வேட்பாளரிடம் அப்படி ஒரு தாள் கேட்டார்கள், “வாகன அனுமதிக்கு” என்று சொல்லி. தரவில்லை.

எண்ணிக்கை அறையில் நம் முகவருக்கு வரிசையில் பின்னால்தான் இடம். ஓட்டு எண்ணிக்கையைக் காட்டும் கன்ட்ரோல் யூனிட்டின் திரை தெரியவில்லை என்றால் மறுபடி காட்டச் சொல்லலாம், தயங்க வேண்டாம். பூத் ஏஜென்டுகள் வாங்கிய 17சி (அந்த பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கு) நகலை வைத்து இயந்திர எண்ணையும் மொத்த ஓட்டையும் ஒத்துப் பாருங்கள். எல்லா பூத்துக்கும் ஆள் போட முடியாததால் எங்களிடம் பாதிக்கும் குறைவான நகல்களே இருந்தன. அது இன்னும் உறுத்துகிறது.

தபால் ஓட்டு மேசைக்கு அனுபவமுள்ளவரை அனுப்புங்கள். 2016-ல் இராதாபுரத்தில் வித்தியாசம் 49. தலைமை ஆசிரியர் சான்றொப்பம் இட்டதால் செல்லாது என்று ஒதுக்கிய தபால் ஓட்டு 203. அந்த வழக்கு 2019-ல் உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிடும் வரை போனது. நிராகரித்த தபால் ஓட்டின் எண்ணிக்கையைவிட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால் அவற்றை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது இப்போதைய விதி. மறு எண்ணிக்கை கேட்பதென்றால் மொத்தம் அறிவித்த பிறகு, முடிவு அறிவிக்கும் முன், காரணத்துடன் எழுத்தில் கொடுக்க வேண்டும். வாயால் கத்துவது பதிவாகாது.

எங்கள் தொகுதியில் வித்தியாசம் நாங்கள் வாங்கிய ஓட்டைவிடக் குறைவு. “ஓட்டைப் பிரித்துவிட்டீர்கள்” என்று திட்டினார்கள். எங்களுக்குப் போட்டவர்களில் எத்தனை பேர் நாங்கள் இல்லாவிட்டால் வீட்டிலேயே இருந்திருப்பார்கள் என்பதை எந்தப் படிவமும் சொல்லாது. நாங்கள் யாருடைய ஓட்டையும் கடன் வாங்கவில்லை.

செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வராததால் டெபாசிட் போனது. தோற்றாலும், டெபாசிட் போனாலும் முடிவு வந்து 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் செலவுக் கணக்குக் கொடுத்தாக வேண்டும். தவறினால் மூன்று ஆண்டு போட்டியிடத் தடை வரலாம். நாங்கள் 28-வது நாள் கொடுத்தோம். டீக்கடை ரசீது வரை ஒட்டியிருந்தோம், ஒன்றும் திரும்பி வரவில்லை.