மூடியை ஒட்டிய மூலை

இன்று காலை தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சோதனைக்காக வெப்ப அறைக்குள் 36 மணி நேரம் வைத்திருந்த, இன்சுலின் அனுப்பும் தெர்மோகோல் பெட்டியைத் திறந்து, ஒரு ஐஸ் பேக்கைக் காதருகே குலுக்கிப் பார்த்தேன்.

தண்ணீர் தளும்பும் ஓசை மட்டுமே கேட்டது.

பெட்டியின் நடுவில் இருந்த வெப்ப உணரி 5 டிகிரி காட்டியது. மூடியை ஒட்டிய மேல் மூலையில் இருந்ததோ 11 டிகிரி காட்டியது.

நடுவில் மட்டும் அளந்திருந்தால் இந்தப் பெட்டி தேர்ச்சி பெற்றிருக்கும். மூலையிலோ மூன்று பக்கமிருந்தும் வெப்பம் நுழைகிறது. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் டிசம்பர் மாதத்து டர்பனின் புழுக்கம் அந்த வழியாகவே உள்ளே வந்துவிடும்.

ஒரு கிலோ பனிக்கட்டி முழுவதும் உருக ஏறத்தாழ 334 கிலோஜூல் வெப்பம் தேவைப்படுகிறது. அது உருகித் தீரும்வரை 0 டிகிரியிலேயே நிற்பதால்தான் நமக்கு அவகாசம் கிடைக்கிறது.

பனிக்கட்டி சீக்கிரம் உருகிவிடுமே என்று பயந்துகொண்டு ஐஸ் பேக்குகளை உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு அடுக்குவதும் தவறு. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பிறகும் அதைப் பயன்படுத்தக் கூடாது. குலுக்கும்போது உள்ளே சிறிது நீர் அசையும்வரை வெளியே வைத்திருந்து, பிறகே அடுக்க வேண்டும்.

ஃபீனிக்ஸில் இருக்கும் என் அத்தைக்கும் இப்படியொரு பெட்டியில்தான் இன்சுலின் வருகிறது. அவருடைய குப்பி எந்த மூலையில் இருந்ததென்று யாரும் அளந்து பார்ப்பதில்லை.

நாளை மூடியின் விளிம்பை நாடாவால் ஒட்டி, ஒரு ஐஸ் பேக்கை மேலே மாற்றி வைத்து, எட்டு மூலைகளிலும் உணரி பொருத்தி, மீண்டும் 36 மணி நேரம் சோதிக்கப் போகிறேன்.