பன்னிரண்டணா வலி

பழைய சிகிச்சைத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது என் கையெழுத்திலேயே ஒரு வெட்கக்கேடு அகப்பட்டது. மூட்டுத் தேய்மானத்துக்காக வந்த, எண்பதை நெருங்கும் ஓர் அம்மாவின் தாள். முதல் நாள் ‘வலி 10/10’. இரண்டாம் நாள் ‘மேற்படி’. மூன்றாம் நாளும் ‘மேற்படி’. நான்காம் நாள் அதற்கும் சோம்பல்பட்டு இரண்டு சிறு கோடுகள்.

பிசியோதெரபிக்கு வருபவர்களிடம் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு ஓர் எண் கேட்போம். பத்து என்றால் அதற்குமேல் வலியே இல்லை. இந்த அம்மாவோ பத்து என்று சொல்லிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொருவரிடம் கத்தரிக்காய் விலை விசாரிப்பார். பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. எண்ணைக் குறைத்தால், ‘அதுதான் சரியாகிவிட்டதே’ என்று மகன் அழைத்துவருவதை நிறுத்திவிடுவாரோ என்ற பயம்.

ஐந்தாம் நாள் எண்ணை விட்டுவிட்டு, “வலி எப்படி இருக்கிறதம்மா?” என்று மட்டும் கேட்டேன்.

“ரூபாய்க்குப் பன்னிரண்டணா இருக்கிறது தம்பி. நாலணா போயிருக்கிறது.”

அணாக் கணக்கு 1957-இல் சட்டப்படி முடிந்துபோனது. அவர் முழங்காலில் இன்னும் செல்லுபடியாகிறது! ரூபாய்க்குப் பதினாறணா; பதினாறில் பன்னிரண்டு என்றால் பத்துக்கு ஏழரை. பத்தில் இரண்டு குறைந்தாலே முன்னேற்றம் என்று கொள்வது எங்கள் வழக்கம். அப்படியானால் நான் ‘மேற்படி’ போட்ட நாட்களில் எப்போது இறங்க ஆரம்பித்தது? தாளில் இல்லை. இனித் தெரியப்போவதும் இல்லை.

அன்றிலிருந்து நோயாளி சொன்ன சொல்லையே எழுதுகிறேன். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து மெல்சாக், 1975-இல் வெளியிட்ட வலி வினாத்தாளில் 78 சொற்களை 20 தொகுதிகளாகப் பிரித்து வைத்தார். இந்த அம்மா ஒரே மூச்சில் மூன்று சொன்னார்: நடந்தால் கடுக்கிறது, ராத்திரியில் குடைகிறது, படி இறங்கினால் சுருக்கென்று குத்துகிறது. மூன்றையும் ‘வலி’ என்று எழுதினால், படி இறங்கும்போதுதான் தொடைத் தசை கைவிடுகிறது என்ற துப்பு போய்விடும். ஒருவர் ‘எரிகிறது, மதமதவென்றிருக்கிறது’ என்றால் நான் மூட்டை விட்டு நரம்பைப் பார்க்க வேண்டும்.

எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு காரியத்தையும் எழுதிவைப்பேன். இவருக்கு டவுன் பஸ்ஸின் முதல் படி. ‘வலது காலை வைக்க மகன் கை தேவை’ என்று அன்று குறித்தேன். முழங்கால் 95 பாகைதான் மடங்கியது.

கடைசித் தாளில் இருப்பது இது: ‘வலி எட்டணா. முழங்கால் 110 பாகை. ராத்திரிக் குடைச்சல் இல்லை, குத்தல் உண்டு. தரையில் உட்கார இன்னும் முடியவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தானே ஏறினார். இன்று மகன் வரவில்லை.’