டைம்டேபிள்ல ரெண்டு பேப்பர், கையில ஒரே புத்தகம்

யுனிவர்சிட்டில சீன இலக்கியமும் தத்துவமும் சேர்த்துப் படிக்கிறேன்னு சொன்னா, "அந்த எழுத்தையெல்லாம் எப்படித்தான் ஞாபகம் வச்சுக்கிற"ன்னு கேப்பாங்க. எழுத்து பழகிடும்ங்க. படுத்துறது வேற. இலக்கியம் ஒரு பேப்பர், தத்துவம் இன்னொரு பேப்பர்னு டிபார்ட்மென்ட் பிரிச்சு வச்சிருக்கு, ஆனா இந்தப் பிரிவினையெல்லாம் அந்தப் பழைய புத்தகங்களுக்குத் தெரியாது.

பழைய சீனத் தாவோ தத்துவ ஞானி சுவாங்ட்ஸூவையே எடுத்துக்கோங்க. ஆத்துக்கு மேல நின்னுகிட்டு மீனெல்லாம் சந்தோஷமா திரியுதுன்னு அவர் சொல்ல, நீ மீன் இல்லையே உனக்கெப்படித் தெரியும்னு கூட்டாளி ஹுய்ட்ஸூ மடக்க, நீ நான் இல்லையே எனக்குத் தெரியாதுன்னு உனக்கெப்படித் தெரியும்னு இவர் திருப்பிவிட, அப்படியே போகும். தத்துவ வகுப்புல இதை வச்சு அடுத்தவன் மனசை அறிய முடியுமான்னு அலசுவோம். இலக்கிய வகுப்புல அதே பக்கத்தைத் திறந்து, மாட்டிக்கிற நேரத்துல சுவாங்ட்ஸூ பேச்சை எப்படி நைசா திருப்புறார்னு பாப்போம். என்னைக் கேட்டா ரெண்டாவது வகுப்புலதான் தத்துவம் ஜாஸ்தி. தர்க்கத்துல ஜெயிக்கிறது ஹுய்ட்ஸூ, ஆனா படிக்கிறவன் மனசு போறது சுவாங்ட்ஸூ பக்கம், அந்த வேலையைச் செய்யறது எழுத்துதானே.

அடுத்தது உரைகள். பழைய பிரதிகள்ல கமா, புள்ளி எதுவும் கிடையாது, வாக்கியத்தை எங்க வெட்டறதுங்கிறதே பெரிய சண்டை. தாவோ தத்துவத்தோட மூல நூலான தாவோ தே ஜிங் முதல் அதிகாரத்துல ஒரு இடத்தை, உரையாசிரியர் வாங் பீ "ஆசை இல்லாம"ன்னு வர்ற மாதிரி வெட்டிப் படிச்சார் (மனுஷன் 226ல பொறந்து 249ல போயிட்டார், அதுக்குள்ள இப்படி ஒரு உரை!). 11ஆம் நூற்றாண்டுல வாங் அன்ஷிங்கிற இன்னொரு அறிஞர் ஒரு எழுத்து முன்னாடியே வெட்டி, அந்த "இல்லாம"ங்கிற எழுத்தை "இன்மை"ங்கிற தனித் தத்துவமா ஆக்கிட்டார். அப்புறம் 1973ல சீனாவுல மாவாங்துய்ங்கிற இடத்துல, கி.மு. 168ல மூடின கல்லறையிலேர்ந்து பட்டுத்துணியில எழுதின பிரதி கிடைச்சுது, அதுல "ஆசை"க்கு அப்புறம் நிறுத்தி வாசிக்கிற ஒரு அசைச்சொல் நிக்குது. அந்த இடத்துல வாங் பீக்குத்தான் பாயிண்ட். ஆனாலும் வாங் அன்ஷியைத் தூக்கிப் போட முடியாது, ஏன்னா நூற்றாண்டுக் கணக்கா அப்படியும் படிச்சு யோசிச்சிருக்காங்க. பரிமேலழகரோட மல்லுக்கட்டிக் குறள் படிச்சவங்களுக்கு இது புதுசா இருக்காது.

கவிதைக்கு வந்தாலும் கன்ஃபூசியஸ் விடமாட்டார். 757ல கலகக்காரங்க கையில இருந்த தலைநகரம் சாங்ஆன்ல மாட்டிக்கிட்டு கவிஞர் து ஃபூ எழுதின வசந்தக் கவிதை, எட்டே வரி, மொத்தம் 40 எழுத்து. நாடு உடைஞ்சு கிடக்கு, வீட்டுக் கடிதம் வரல, கடைசியில பாத்தா நரைச்ச தலையைச் சொறிஞ்சு சொறிஞ்சு முடி கொட்டி, ஊசி கூட நிக்காது போலங்கிறார். தொப்பியைத் தலைமுடியோட சேத்துப் பிடிக்கிற ஊசி அது. அரசாங்கத்துக்கு உழைக்கிறதே வாழ்க்கைங்கிற கன்ஃபூசியஸ் வழியில வளந்த ஒருத்தர் சொல்றார்னு தெரிஞ்சு படிச்சா அந்த வரி சிரிப்பாவும் இருக்கும், வயித்தையும் பிசையும்.

எல்லாத்தையும் விட என்னை ஆட்டிவச்சது 1918ல நவீன சீன எழுத்தாளர் லூ ஷுன் எழுதின பைத்தியக்காரன் டைரிக் கதை. வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தா பக்கத்துக்குப் பக்கம் "கருணை, நேர்மை, அறம்"னு எழுதியிருக்கு, ராத்திரி பூரா உத்துப் பாத்தா வரிகளுக்கு நடுவுல "மனுஷனைத் தின்னு"ன்னு தெரியுது. கன்ஃபூசியஸ் வழி வந்த தத்துவ ஞானி மென்சியஸ் பத்தின வகுப்புல நோட்ஸ் எடுத்த அதே வார்த்தைங்க! இதுல இன்னொரு குசும்பு, டைரி பூரா பேச்சு நடையில இருக்கு, முன்னுரை மட்டும் பழைய செம்மொழி நடையில. ரொம்ப மரியாதையான அந்த முன்னுரை என்ன சொல்லுதுன்னா, டைரி எழுதினவருக்கு எப்பவோ குணமாயிடுச்சாம், அரசாங்க உத்தியோகத்துக்குக் காத்திருக்கப் போயிட்டாராம்.